நிலையில் பூசிய மஞ்சள்

1952, தை 20, சனிக்கிழமை

நான் வரைந்த படத்துக்கு அலோர் காஜா டவுனில் சட்டம் போட்டு, இன்று துரை பங்களாவில் கொடுத்தேன். தோட்டக் கூலிகள் குடியிருந்து, இப்போது ஆள் இல்லாத பழைய லயத்து வீடுகளின் படம். துரையின் சீமை ஓவியப் புத்தகத்தில் இடிந்த கோட்டைகளும் அவற்றின்மேல் படர்ந்த கொடிகளும் உண்டு. அதைப் பார்த்துத்தான் ஆசை வந்தது. அங்கே முந்நூறு வருஷத்தில் ஏறும் கொடி இங்கே ஒரே வருஷத்தில் கூரைக்கு ஏறிவிட்டது.

விருந்துக்கு வந்த வெள்ளைக்காரர், "எந்தக் காலத்துக் கட்டடம்?" என்று கேட்டார். "ரொம்பப் பழையது" என்றேன். வாய் எப்படி வந்ததோ! துரை சுருட்டைப் பற்றவைத்தார். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறதென்று போன வருஷம் அந்த லயத்தை ஒரே நாளில் காலி செய்து, ஜனங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்தவர் அவர். லிஸ்டை வைத்துப் பெயர் கூப்பிட்டவன், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான நான்.

தேநீர்த் தட்டோடு வந்த பங்களா வேலைக்கார முனியம்மாக்கா படத்தின் முன் நின்றுவிட்டார்.

"இது எங்க வீடுதானே, கிராணி? போன பொங்கலுக்கு வாசல் நெலையில மஞ்ச பூசியிருந்தேனே, அத எங்க காணோம்?"

மஞ்சள் இருந்தது. பார்த்தேன். அது தெரிந்தால் படம் பழசாகத் தோன்றாதென்று அதன்மேல் பாசியை வரைந்தேன்.

"பாசி பிடிச்சிருச்சுக்கா."

"ஒரு வருசத்துலயா?" என்றார். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்ணப்பெட்டி எதிரில் திறந்து கிடக்கிறது. பச்சை தீர்ந்துவிட்டது. மஞ்சள் வில்லை வாங்கியபடியே இருக்கிறது.