நிற்காத சக்கரம்

என்னங்க,

அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

சாயங்காலம் பேட்டரிக்கடைக்காரர் வருகிறாராம். கரண்டே இல்லாமல், காந்தத்தாலும் செம்புக்கம்பியாலும் மட்டும் மூன்று வாரமாக ஓடும் உங்கள் சக்கரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

அவர் வருமுன் சொல்லிவிடுகிறேன். அது தானாக ஓடவில்லை. நிற்கப் போகும்போதெல்லாம் நான்தான் ஒரு தட்டுத் தட்டிவிடுகிறேன். முதல் நாள் தூசி துடைக்கையில் என் கைபட்டுச் சுற்றியது. நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "காலையிலேருந்து ஓடுதுடி!" என்று குழந்தை மாதிரி குதித்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து, நீங்கள் எழுந்திருக்குமுன் எனக்கு முதல் வேலை சக்கரம்தான். அடுப்பு அப்புறம்.

நேற்று நீங்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், இன்னும் தட்டிக்கொண்டுதான் இருப்பேன். "வேலைய விட்டுட்டு முழுசா இதுல இறங்கப் போறேன்" என்றீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "இந்த வீட்டுல சும்மா உக்காராம ஓடுறது இது ஒண்ணுதான்" என்றீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கிளம்பும்போதும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறேன். பழக்கதோஷம்.

பின்குறிப்பு: பால் ஃபிரிட்ஜில் இருக்கிறது. பொங்கவிட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: வந்தவர் சக்கரம் ஏன் நின்றது என்று கேட்டால் முழிக்க வேண்டாம். மோட்டார் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறது, நேரில் வந்து கூப்பிட்டால்தான் திரும்பும் என்று சொல்லுங்கள்.