பழைய டிஸ்க் உயிரை விட்ட விதம்

அம்மணிக்கு,

உன் தையல் மெஷின்மேல் சத்தியம், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

நீ கிளம்பியதும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் புது எஸ்எஸ்டி டிஸ்கைப் பழைய ஹார்டு டிஸ்குக்குப் பக்கத்தில் மாட்டினேன். வேகத்துக்குப் புதுசு, உன் பதினோரு வருடத் துணி வெட்டுப் படங்களுக்குப் பழசு என்றுதானே பேச்சு? சக்களத்தியைக் கண்டதுபோல் பழசு மூக்கைச் சிந்தியது. பெட்டிக்கு அடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர், நானே துடைத்தேன். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, உன் படங்கள் அத்தனையையும் விழுங்கிவிட்டு அடங்கிவிட்டது.

"முதல்ல ஒரு காப்பி எடுத்து வைங்க" என்று நேற்று நீ கத்தினாய். "எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று நானும் கத்தினேன். இன்று கத்தத் தெம்பில்லை.

டிஸ்கோடு ரிப்பேர் கடைக்குப் போகிறேன். கடைக்காரர் போனிலேயே உதட்டைப் பிதுக்கிவிட்டார். சாவி மீட்டர் பெட்டிக்குள். சாப்பாடு மூடியிருக்கிறது, எனக்கு வேண்டாம். நாலு மணிக்குப் பள்ளிச் சீருடைக்காரர் வந்து வெட்டுப் படம் கேட்டால், நான் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்.

பி.கு. புதுசைத் தயார் செய்ய முதலில் அதை அழிக்க வேண்டுமாம்; எந்த டிஸ்கை அழிக்கட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. விலை கூடின புதுசுதான் கொள்ளளவிலும் பெரிசாக இருக்கும் என்று பெரிசை அழித்தேன், அது பழசு.