கச்சேரியில் காணாமல் போன ஜெயதாஸ்

பாறசாலை
வியாழக்கிழமை

மத்தியதரைக்கடலின் நடுவே மால்டா தீவில் நர்ஸ் உத்தியோகம் பார்க்கும் எங்கள் வீட்டு மூத்த குமாரத்தி ஜிஜிக்கு, இந்த வீட்டின் சார்பில் மிகுந்த பொறுப்புடன் அறிவிப்பது என்னவென்றால், இரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்த நம் மிக்ஸியின் சின்ன ஜார் மூடி இன்று காலை கண்டெடுக்கப்பட்டது. உப்புப் பரணி ஜாடியின் மேல் அது வேறு பெயரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மூடி சுகம். அம்மா சுகம். அப்பா மிகவும் சுகம், இதை அழுத்தி எழுது என்று அம்மா சொன்னதால் பேனா தாள் கிழியும் அளவுக்கு அழுத்தியிருக்கிறேன், பின்பக்கம் தடவிப் பார். நீயும் அங்கே சுகமாக, முக்கியமாகக் கோபம் ஆறி இருக்க வேண்டும் என்பது எங்கள் ஜெபம்.

இது அம்மாவின் கடிதம். எழுதும் கை மட்டும் உன் தம்பி நிஜினுடையது, ஏனென்றால் அம்மாவின் இரண்டு கையும் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் வறுப்பதில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டு ஷிபு அண்ணன் லீவு முடிந்து நாளை மால்டாவுக்குத் திரும்புகிறார், அவர் பெட்டியில் உனக்கு ஒரு பொதி உண்டு. திங்கட்கிழமை அழுதுகொண்டே ஃபோனை வைத்தவள் நீ, அதன் பிறகு எடுக்கவில்லை, மெசேஜுக்குப் பதிலும் இல்லை, லீவு போட்டு உடனே ஊருக்கு வரப்போகிறேன் என்று ஷிபு அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். அம்மா ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, "ஃபோன எடுக்கல்லன்னா போட்டும், பொதிய பிரிக்காமலா இருப்பா? சிப்ஸுக்க மேல கடிதத்த வையிலே, தின்னியதுக்கு முந்தி வாசிச்சிருவா" என்றாள். உள்ளது உள்ளபடி எழுத வேண்டும், என் கோமாளித்தனம் ஒன்றும் சேர்க்கக்கூடாது என்பது அடுப்படியிலிருந்து வந்த உத்தரவு. அதில் முதல் பாதியை நான் ஒப்புக்கொண்டேன்.

நீ பார்த்தது அரை நிமிடம் கூட இல்லாத ஒரு வீடியோ. அதில் அம்மா சபையின் கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துக்குக் கட்டும் வெள்ளைப் புடவையில், ஒரு ராக் மேடையின் மேல், கையில் மைக்குடன் நிற்கிறாள். தாடி வைத்த பாட்டுக்காரன் அவள் பக்கத்தில் முட்டுக்குத்தி இருக்கிறான். கடல்போல் கூட்டம் நம் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. அதைப் பார்த்தால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதருக்கு என்ன ஆயிற்றோ என்று நர்ஸ் படித்த நீ நினைத்தது தப்பில்லை, எங்கள் தப்புதான், உன்னிடம் சொல்லாமல் போனது. அம்மாவுக்குப் பின்னால் தலையில் பாயைப் போட்டுக்கொண்டு தோளைக் குலுக்கும் உருவம் யாருலே என்றும் நீ கேட்டாய். அது யாரோ குளத்தூர்க்காரப் பையன், பாட்டுக்கு ஆடுகிறான் என்று அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். அதை விடு, முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

ஏப்ரலில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு அப்பா எப்படி இருந்தார் என்று வீடியோ காலில் உனக்குத் தெரிந்திருக்காது, நீ கூப்பிடும் நேரத்துக்கு மட்டும் அவர் முகம் கழுவிச் சிரிப்பார். மோட்டார் வைண்டிங் கடையில் செம்புக் கம்பியைச் சுற்றும்போதே தாளம் போடுகிறவர், சரி பண்ணின மோட்டாரை ஓடவிட்டு "இது ஈ மைனராக்கும்" என்று காது கொடுக்கிறவர், கடையில் பாட்டுப் பெட்டியைத் தொடவே இல்லை. கித்தாருக்கு மேல் தலையணை உறை போட்டு மூடிவிட்டார். நடக்கும்போது நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார், வலியால் அல்ல, வழியில் கீழே விழுந்துவிடுமோ என்பது போல. யாராவது வீட்டுக்கு வந்தால் அவரே முந்திக்கொண்டு "நான் ஹார்ட் பேஷண்டாக்கும்" என்று சொல்லிக்கொள்வார். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஸ்டண்ட் கூடாது என்று நான் விட்ட ஜோக்குக்குக்கூடச் சிரிக்கவில்லை, அவ்வளவு மோசம். அம்மாவுக்கு அடைப்பைவிட இந்த அடங்கல்தான் பெரிய பயமாக இருந்தது. அதனால் நீ நினைப்பது போல டிக்கெட் எடுத்தது அப்பா இல்லை. அம்மாதான். "ஏழாம் வளவு" என்கிற அந்த பேண்டை அப்பா முதலில் பார்த்தது நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது, கோவளத்தில் மழையில் நனைந்துகொண்டு, அன்றைக்கு அம்மா தன் மரச்சீனிக் கிழங்கையும் சம்மந்திச் சட்னியையும் மூக்குத்தி போட்ட பையன்களுக்குப் பங்கு வைத்தாளே, நினைவிருக்கிறதா, அதே பேண்ட். செக்கப்புக்குப் போனபோது அம்மா டாக்டரிடம் கேட்டுவிட்டாள், இவிய பாட்டுக் கேக்கப் போலாமா என்று. ஆலயப் பாட்டு என்று நினைத்து அவர் தாராளமாகப் போகலாம் என்றார். பொய் சொல்லி அனுமதி வாங்கக்கூடாதே என்று அம்மா மெதுவாக, "கொஞ்சம் சத்தமாட்டு உள்ள பாட்டாக்கும், டாக்டரே" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டு, ஸ்பீக்கர் பக்கம் போகவேண்டாம், உட்கார்ந்து கேட்கட்டும், ராத்திரி மாத்திரை தவறக்கூடாது என்றார். உன்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை, இதற்கு அம்மா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், கேட்டுக்கொண்டே ஒரு சட்டி சிப்ஸையும் கருக விட்டாள், அது என் பங்கு.

சனிக்கிழமை சாயங்காலம் ஷிபு அண்ணனின் ஓம்னி வேனில் கச்சேரி மைதானத்துக்குப் போனோம். அம்மா போனது ராக் கச்சேரிக்குத்தான், ஆனால் கட்டிக்கொண்டது கன்வென்ஷனுக்கு. கோரைப்பாய், கருப்பட்டிக் காப்பி ஃபிளாஸ்க், டார்ச், துவர்த்துத் துண்டு, கிழங்குப் பொட்டலம், எல்லாம். வாசலில் காவல் நின்றவர் ஃபிளாஸ்க் கொண்டுபோகக் கூடாது என்றார். அம்மா அவருக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்து, மீதியை வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்து, காலி ஃபிளாஸ்க்குடன் உள்ளே போனாள். பாய் கொண்டுபோகக் கூடாது என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. கன்வென்ஷன் சட்டம் உனக்குத் தெரியுமே, திருட்டுப் பயத்தால் கூட்டத்தில் எல்லார் ஃபோனும் அம்மாவின் பையில். இந்தச் சட்டம்தான் பிறகு நம்மைக் கொன்றது. பின்வரிசையில் எல்லாரும் நிற்கும் இடத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும் பாய் விரித்துக் கால் மடக்கி உட்கார்ந்திருந்தோம். அப்பா துவர்த்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனுக்குக் காத்திருப்பவர் போல இருந்தார். இரண்டு பாட்டு போயிற்று, அசைவில்லை. அடுத்த பாட்டில் கால் பெருவிரல் ஆடத் தொடங்கியது. அம்மா என் விலாவில் இடித்துக் காட்டினாள். அதற்கடுத்ததில் எழுந்து நின்றார், துவர்த்தை என் மடியில் போட்டார், "இப்ப வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனவர் வரவில்லை. பாத்ரூமுக்குப் போயிருப்பார் என்று ஒரு பாட்டு, வரிசை நீளமாக இருக்கும் என்று இன்னொரு பாட்டு. மாத்திரை நேரம் வந்தது, அம்மா மாத்திரையை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள், கை வியர்வையில் அதன் நிறம் ஒட்டிவிட்டது. நான் பதறவில்லை. வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருப்பது எதற்கு? பாத்ரூம் பக்கம் போய்ப் பார்த்தேன், வேனில் தூங்கிய ஷிபு அண்ணனை எழுப்பிப் பார்த்தேன், அம்மாவுக்குத் தைரியம் சொன்னேன். கூட்டத்தில் ஆள் தொலைந்தால் கன்வென்ஷனில் என்ன செய்வோம்? மைக்கில் சொல்வோம். அம்மாவுக்கு அதைத் தவிர வேறு வழி தெரியாது. நேராக மேடைக்குப் போய்விட்டாள், பாயைச் சுருட்டிக்கொண்டு நான் பின்னால். படியில் வயர்லெஸ் வைத்திருந்த பையன் முடியாது, பாட்டு நடக்கிறது என்றான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மக்கா, எனக்க மாப்பிளைக்கு நெஞ்சில கம்பி வச்சிருக்கு. ஒரு பாட்டு நின்னா பாட்டு சாவாது, கேட்டியா" என்றாள். பாட்டு முடிந்து தண்ணீர் குடிக்க ஓரமாக வந்த பாட்டுக்காரன் இதைக் கேட்டுவிட்டான். அம்மாவைக் கைபிடித்து மேலே ஏற்றி, மைக்கைக் கொடுத்து, தன் உயரம் அம்மாவை மறைக்காமல் இருக்க முட்டுக்குத்தி உட்கார்ந்தான். அம்மா சொன்னது இது: "பாறசாலையில இருந்து வந்த ஜெயதாஸ், நீலக் கட்டம் போட்ட சட்டை, எங்க நின்னாலும் மேடைக்கு வலப்பக்கம் வரணும். ராத்திரி மாத்திரை சாப்பிடல்ல. எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ண மூடி அவியளுக்காக ஜெபிச்சுக்கிடுங்க." அக்கா, அத்தனை ஆயிரம் பேரும் அமைதியானார்கள். டிரம்ஸ்காரன் தொப்பியைக் கழற்றினான். அந்த அமைதி வீடியோவில் இல்லை, அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. அப்புறம் டிரம்ஸ் இரண்டு தட்டுத் தட்ட, கூட்டம் "ஜெயதாஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தது. நீ பார்த்தது அதைத்தான்.

யாரும் வரவில்லை. ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் போய்ப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். அம்மா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். மைதானத்தின் கடைசி மூலை, ஆம்புலன்ஸ் கதவு திறந்திருந்தது, உள்ளே வெளிச்சம், படியில் நீலக் கட்டம் போட்ட ஒரு முதுகு குனிந்து நின்றது. அம்மா "கர்த்தாவே" என்று நின்றுவிட்டாள். அப்போது அந்த முதுகு திரும்பியது. கையில் ஒரு கருப்பு டீ-ஷர்ட், முகமெல்லாம் வியர்வையும் கவலையுமாக அப்பா அம்மாவைப் பார்த்தார். "ரெஜி, நீங்க இங்கயா நிக்கிய? ஒரு வயசான ஹார்ட் பேஷண்ட காணல்லியாம், பேரு ஜெயதாஸாம், எனக்க பேரேதான். பாவம், வீட்டுக்காரங்க மாத்திரைய வச்சுட்டு கெடந்து அலையுதாங்களாம். எலே நிஜினே, நீ அந்தப் பக்கம் போய்ப் பாரு, நான் இந்தப் பக்கம் பாக்கேன்" என்றார். நடந்தது இவ்வளவுதான்: உனக்கு டீ-ஷர்ட் வாங்கப் போனவர் கடை வரிசையில் நின்றிருக்கிறார். கடை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், அம்மா மைக்கில் பேசினது அங்கே ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் கூப்பிடுவது மட்டும் கேட்டு, என்ன விஷயம் என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டிருக்கிறார். அவள் கேள்விப்பட்டதைச் சொல்லியிருக்கிறாள், ஒரு வயசான அங்கிள், ஹார்ட் பேஷண்ட், வழி தவறிவிட்டாராம் என்று. அது தானாக இருக்கலாம் என்று அப்பாவுக்கு ஒரு நொடி கூடத் தோன்றவில்லை. டீ-ஷர்ட்டைக் கையில் வாங்கினதும் அந்த ஜெயதாஸைத் தேடக் கிளம்பிவிட்டார். அம்மா அவர் தோளில் ஒன்று வைத்தாள், அடுத்த நிமிடம் ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள். உள்ளே இருந்த நர்ஸ் பயந்து பிரஷர் பார்த்தார். அப்பாவுக்குச் சரியாக இருந்தது. அம்மாவுக்குத்தான் கூடியிருந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, ரிப்போர்ட்டின் படத்தை உனக்கு அனுப்பியிருக்கிறேன், திறந்து பார். இப்போது பாறசாலை ஜங்ஷனில் ஆட்டோக்காரர்கள் அப்பாவைக் கண்டால் வண்டியைத் தட்டி "ஜெயதாஸ்" என்று தாளத்தோடு கூப்பிடுகிறார்கள், அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறார். நேற்று தலையணை உறை கித்தாரை விட்டுத் தலையணைக்கே திரும்பிவிட்டது. இனி வருவது அம்மா சொல்லச் சொல்ல நான் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுவது: "மக்களே, அவிய கிடைச்சதுல எனக்கு சந்தோசம்தான். ஆனா ஹார்ட் பேஷண்டுன்னு கேட்டுட்டு அது வேற யாரோன்னு நெனச்சாவ பாரு, அதுலதான் எனக்கு உயிரு வந்தது. ஏப்ரல்ல ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்த மனுசன் அந்த மைதானத்துல எனக்குத் திரும்பக் கிடைச்சாவ. நீ இதுக்காட்டு லீவு போட்டு ஓடி வராண்டாம். கிறிஸ்மஸுக்கு வா, எல்லாருமா சேந்து போலாம். நீ பக்கத்துல நின்னா அவிய எங்கயும் போவமாட்டாவ."

தலையில் எண்ணெய் வை. ராத்திரி டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. சிப்ஸைக் கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. டீ-ஷர்ட் உனக்கு இரண்டு அளவு பெரிதாக இருக்கும், அப்பா இன்னும் உன்னைத் தோளில் ஏற்றிப் பாட்டுக் காட்டின அளவில் நினைக்காமல் இவ்வளவாவது வாங்கினாரே என்று சந்தோஷப்படு. போகிற இடமெல்லாம் கர்த்தர் உன் கையைப் பிடித்து நடத்தட்டும், தூக்கத்திலும் டியூட்டியிலும் உனக்குக் காவலாக இருக்கட்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரம் கூப்பிடு, அப்பா பத்து மணியிலிருந்தே ஃபோனை மடியில் வைத்திருப்பார்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா ரெஜிலா, அப்பா ஜெயதாஸ் (கண்டெடுக்கப்பட்டவர்)

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறாள், அதனால் சீக்கிரமாக ஒன்று. நான் பதறவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், அம்மாவுக்குத் தைரியம் சொன்னேன் என்றும் எழுதியிருக்கிறேன், இரண்டையும் அடித்தால் கடிதம் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன். அக்கா, அந்தக் கூட்டம் முழுக்கப் பாய் கொண்டுவந்த குடும்பம் நம்முடையது மட்டும்தான். பாய்க்குள் தோளைக் குலுக்கிய அந்தக் குளத்தூர்க்காரன் ஆடவில்லை.