துவக்குச் செய்யச் சொன்னவள்

5 பெப்ரவரி 2005, சனி
இல்ஃபோர்ட் தமிழ்ப் பள்ளிக் கலைவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம். என் நாடகத்தில் வெள்ளைக்காரத் துரை குடைக்கம்பைத் துப்பாக்கிபோல் பிடித்து, துவக்கு என்று நீட்டுகிறான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மாணவி கௌசியின் அப்பா சூசைதாசன் தச்சு வேலை தெரிந்தவர். ‘மரத்தில ஒண்டு செய்து தருவியளோ? கடைசி வரிசைக்கும் உண்மை மாதிரித் தெரியவேணும்’ என்றேன்.
‘அது சின்ன வேலை, ரீச்சர்.’

12 பெப்ரவரி
சின்ன வேலையைப் பெரிதாகவே செய்துவிட்டார். கறுப்புப் பூச்சு, இரும்புக் குழாய். மூடிக் கொண்டுவரவும் இல்லை. நாங்கள் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுக்கும் ஆங்கிலப் பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் கெயார்ரேக்கர் கண்டுவிட்டு பொலிசைக் கூப்பிட்டார். ஆயுதப் பொலிஸ் வந்தது. நான் மண்டபத்தின் பின்னால் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவரை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது.

14 பெப்ரவரி
சூசைதாசன் பிணையில் வந்துவிட்டார். அவருடைய வழக்கறிஞர் சண்முகராசா ஃபோனில் விளக்கினார். பொய்த் துவக்கானாலும், தகுந்த காரணமில்லாமல் பள்ளிக்குள் வைத்திருந்தால் ஆறு மாதம்வரை சிறை. நாடகம் தகுந்த காரணம்தான். ஆனால் யார் செய்யச் சொன்னது, எதற்கு என்று பொலிஸ் கேட்டபோதெல்லாம் சூசைதாசன் ‘ஒருத்தரும் இல்லை, சும்மா செய்தனான்’ என்றே சொல்லியிருக்கிறார்.
பொலிசிடம் இன்னொருவர் பெயரைச் சொல்லக் கூடாது. ஊரில் நாங்கள் எல்லோரும் பழகிய பழக்கம். இங்கே அதுவே அவரை மாட்டிவிட்டது.
‘நீங்கள் போய் ஒரு வாக்குமூலம் குடுத்தால் அதுவே காணும், தங்கச்சி’ என்றார் சண்முகராசா.
ஓம் என்றேன். என் குடியுரிமை விண்ணப்பம் உள்துறையில் கிடக்கிறது. துவக்கு வழக்கில் என் பெயரா?

17 பெப்ரவரி
போகவில்லை.

19 பெப்ரவரி
கௌசி வகுப்புக்கு வரவில்லை. சூசைதாசன் பள்ளிக்கூடங்களில் கதவு, ஜன்னல் திருத்தும் கம்பனியில் வேலை. வழக்கு முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.
சீ, நான் என்ன மனுசி? அந்த மனுசன் எனக்காக வாய் திறக்காமல் இருக்கிறார் — நான் அதுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு இருக்கிறன்.

23 பெப்ரவரி
போனேன். நாடகப் பிரதி, ஒத்திகைப் படங்கள், எல்லாம் கொடுத்தேன். இருபது நிமிடம்தான். எழுதி முடித்த பெண் அதிகாரி, ‘இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே’ என்றாள். அவரைச் சொன்னாளா, என்னையா?

4 மார்ச்
வழக்கில்லை என்று அவருக்குக் கடிதம் வந்துவிட்டது. ஆனால் கம்பனியில் அவருடைய இடம் போய்விட்டது. ‘இருபத்திரண்டாம் திகதி வேற ஆளை எடுத்திட்டினமாம், ரீச்சர்’ என்றாள் கௌசியின் தாய். குறை சொல்லும் குரலே இல்லை.
நான் போனதற்கு முதல் நாள்.

9 ஜூன்
குடியுரிமை கிடைத்துவிட்டது. வாக்குமூலத்தைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தியம் செய்யும் வைபவத்துக்கு இரண்டு பேரைக் கூட்டிப்போகலாம். குட்மேய்ஸ் பெற்றோல் நிலையத்துக்குப் போய் சூசைதாசனைக் கேட்டேன். இப்போது அங்கேதான் வேலைக்கு நிற்கிறார்.
‘சந்தோசம், ரீச்சர். ஆனால் அண்டைக்கு எனக்கு ஷிப்ட்.’
எந்த நாள் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.