நேர்ந்துவிட்ட முடி

மன்னவனூர்
13.11.2008, வியாழன்

என் மகன் வயிற்றுப் பேரன் மகேந்திரனுக்கு அப்பத்தா சோலையம்மாள் எழுதுவது.

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமில்லை என்பதை ஞானவேல் எழுதித்தான் எனக்குத் தெரியவேண்டியிருக்கு. உன்னோடு ஒரே அறையில் கெடக்கிற பிள்ளை, பொய் எழுதமாட்டான். இங்கே உன் அம்மா ஜோதிமணிக்குச் சோறு இறங்கவில்லை. நான் சாப்பிடுகிறேன். வீட்டில் ஒருத்தியாவது தெம்பாக இருக்கணும்.

மூணாப்பு படித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும். ஒத்தைக் கண்ணால் மெதுவாகப் படி. செல்லில் கூப்பிட்டுப் பார்த்தோம், நீ அணைத்துப் போட்டிருக்கிறாய். மழை ஏழு நாளாக விடவில்லை. கொடைக்கானல் ரோட்டில் மண் சரிந்து பஸ் வரவில்லை. பிடுங்கின கேரட் மூட்டையிலேயே அழுகுது. நீ மலேசியாவில் ஒரு அறைக்குள்ளே, நான் இங்கே ஒரு மலைக்குள்ளே.

ஞானவேல் அனுப்பின உன் சண்டை சிடியைப் பார்த்தேன். நம் வீட்டில் அதைப் போடுகிற பெட்டி இல்லை, காளியாயி வீட்டில் போய் உட்காரவேண்டியதாச்சு. யார் வீட்டு வாசலை நாற்பது வருசமாக மிதிக்கமாட்டேன் என்று இருந்தேனோ, அவள் வீட்டில். குத்தும் உதையும் மல்லும் கலந்த அந்தச் சண்டையை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கம்பிக்கூண்டைப் பார்த்ததுமே காளியாயி, ஏன்டி சோலை, உம் பேரனைப் பஞ்சாரத்துச் சேவலாட்டம் அடைச்சு வச்சுருக்காங்களே என்றாள். நீ விழுந்ததும், படுத்துட்டானே, எந்திரிக்கச் சொல்லுடி என்றாள். அவள் சொன்னதும் மறக்காது, அப்போது அவள் வாயில் கெடந்த வெத்தலையும் மறக்காது.

ஆனால் நான் பார்த்தது வேறு. நடுவர் நிறுத்தின பிறகு, உன்னை ஜெயித்த அந்தப் பையன் குனிந்து கை நீட்டினான். நீ தட்டிவிட்டாய். தட்டிவிட்ட அந்தக் கை எனக்குத் தெரியும் மகேந்திரா. அது என் கை. நாற்பது வருசத்துக்கு முன்னால் நம் பூண்டுக்காடு மண்ணோடு சரிந்துபோனப்போ, விதைப்பூண்டை மடியில் கட்டிக்கொண்டு வந்த காளியாயி கையை, எனக்கு எதுக்குப் பிச்சை என்று நான் அப்படித்தான் தட்டிவிட்டேன். அந்த வருசம் மிச்சக் காட்டில் விதைக்க ஒன்றுமில்லை. உன் அப்பன் அப்போது சின்னப்பிள்ளை, பசியில் அழுதான்.

சாம்பியனாக இருந்தவன் தோத்தால் இப்படித்தான் என்று ஞானவேல் எழுதியிருக்கிறான். ஒருத்தன் நடுவரைத் திட்டுவானாம், ஒருத்தன் அதே ஆளோடு உடனே மோதணும் என்பானாம், ஒருத்தன் ஊரைவிட்டே ஓடிப்போவானாம். தோத்துட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டு எதிராளி கையைப் பிடித்தவன்தான் மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குவானாம். நீ முதல் ரெண்டையும் செய்துவிட்டாயாம். நடுவர் அவசரப்பட்டார், அவன் உடம்பில் எண்ணெய் தடவியிருந்தான், எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்கிறாயாம். கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடிவிட்டாயாம். சண்டைப் படத்தைப் போட்டு, தோக்கிற இடம் வருமுன்னே நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து போடுகிறாயாம். தை மாசம் அவனோடே மோதக் கையெழுத்தும் போட்டாச்சாம்.

வலது கண்ணுக்குக் கீழே எலும்பு உடைந்திருக்கு, இன்னொரு குத்து விழுந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொன்னதையும் எழுதியிருக்கிறான். எலும்பைச் சேர்க்க முன்தலையில் கீறணும், அதுக்கு அங்கே முடியை எடுக்கணுமாம். நீ மாட்டேன் என்கிறாயாம். சாமிக்கு நேர்ந்த முடி, ஜெயிக்காமல் கத்தி படக்கூடாது, எங்க அப்பத்தா சொன்ன சொல் என்று ஆஸ்பத்திரியில் நர்சுகளிடம் மல்லுக்கு நின்றாயாம்.

சொன்னவள் நான்தான். ரெண்டு வருசத்துக்கு முன்னால் நீ ஜெயித்த பெல்ட்டோடு வந்தாய். பழனியில் முடியிறக்கி, மேளம் வைத்து ஊருக்குள் கூட்டிவந்தோம். காளியாயி வீட்டு வாசலில் மேளத்தை நின்று அடிக்கச் சொன்னதும் நான்தான். திரும்பிப் போகிறப்போ கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் மறுபடி நேர்ந்துவிட்டேன். அடுத்த சண்டையும் ஜெயித்தால்தான் முடியிறக்கணும், தோத்துட்டு என் வாசலில் வந்து நிக்காதே என்றேன். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கு. உனக்குப் பதினோரு வயசு. பொங்கலுக்குச் சடுகுடு ஆடித் தோத்துட்டு, பூண்டு கட்டித் தொங்கவிடுகிற பரணில் ஏறி ஒளிந்துகொண்டாய். தோத்தவன் அங்கேயே கெடடா என்று ஏணியை எடுத்துவிட்டேன். அடுப்புப் புகையெல்லாம் மேலேதான் போகும். வெள்ளனே உன் அம்மா ஏணி போட்டு இறக்கினப்போ உன் கண் ரெண்டும் வீங்கிச் சிவந்திருந்தது. பிள்ளைக்கு ரோசம் வந்துருச்சு என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

பூண்டு லாரி ஒன்று நாளைக்குச் சரிவைத் தாண்டிக் கீழே போகும் என்கிறார்கள். எனக்கு ஒரு சோலி இருக்கு. மிச்சத்தை அங்கே போய் எழுதுகிறேன்.

பழனி
15.11.2008, சனி

லாரியில் ஏறினால் முன்சீட்டில் காளியாயி. நீ வழுக்கி விழுந்தா உம் மருமக என்னையத்தான் கேப்பா, பேசாம வா என்றாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். முடி எடுக்கிற இடத்தில் அந்தத் தம்பி, நேர்த்திக்கடன் யாருக்குப் பாட்டி என்று கேட்டான். பேரனுக்கு என்றேன். பேரன் எங்கே என்றான். நேர்ந்தவ நான், தீர்க்கிறவளும் நான், நீ தண்ணியைத் தொட்டு வை என்றேன். எழுபத்திமூணு வயசில் எனக்கு முதல் மொட்டை. உன் தாத்தா செத்தப்போகூட முடியைத் தொடவிட்டதில்லை. எழுந்தப்போ ஈரத்தரை வழுக்கியது. காளியாயி கை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். அதுக்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த வெத்தலை மனசில் அப்படியேதான் இருக்கு.

மேலே போய் முருகனிடம் நேருக்கு நேர் சொன்னேன். என் பேரன் முடி என் தலையோடு தீர்ந்தது, அவன் உனக்கு ஒன்றும் பாக்கியில்லை என்றேன். ஒரு பழத்துக்கு அண்ணனோடு போட்டி போட்டுத் தோத்துட்டு, கோவணத்தோடு மலையேறி நிற்கிறவன்தானே அவனும். பெத்தவள் வந்து கூப்பிட்டும் இறங்கவில்லை. அவன் சாமி, நிற்கட்டும். அவனைப் பார்க்க ஊரே ஏறி வரும். உன் அறைக்கு யார் ஏறி வருவார்கள் மகேந்திரா? எனக்கு மூட்டுவலி.

இந்தக் காகிதத்தில் விபூதி மடித்திருக்கிறேன். நெத்தியில் இட்டுக்கொண்டு வெரசா ஆஸ்பத்திரிக்குப் போ. முடியை எடுத்துக்கச் சொல். கையெழுத்துப் போட்ட இடத்தில் முடியாது என்று சொல்லிவிடு. அந்தப் பையன் கையைப் பிடிப்பதும் பிடிக்காததும் உன் இஷ்டம். பிறகு ஊருக்கு வா, ஏலே. தோத்துட்டு வா. என் வாசலில் வந்து நில்லு.

ரெண்டு கண்ணோடும் நூறு வருசம் நீ இருக்கணும் என்று,
மொட்டைத் தலையில் சந்தனம் காயக் காத்திருக்கிற
உன் அப்பத்தா
சோலையம்மாள்