புதுக் கட்டடத்தில் உட்கார ஓர் இடம்

கே.கே. நகர், மதுரை

அன்பு மகள் ஜெஸிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் இங்கே நாங்கள் சுகம், நீயும் மாப்பிள்ளையும் டப்ளின் குளிரில் சளி பிடிக்காமல் சுகமாயிருக்க வேண்டுமென்றுதான் காலை ஜெபத்தில் முதலில் கேட்கிறோம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரில் இரங்கல் செய்தி வரைக்கும் விடாமல் படிக்கிறார்.

எங்கள் ஆஸ்பத்திரி ஆரப்பாளையத்திலிருந்து திருநகர் தாண்டிப் புதுக் கட்டடத்துக்குப் போனது உனக்குத் தெரியும். லிஃப்ட் இருக்கிறது, கூரை ஒழுகுவதில்லை, நோயாளிகள் தனித்தனி அறையில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆனால் நர்ஸ்களான எங்களுக்குத்தான் ஒட்டவில்லை. பழைய வார்டில் என் மேசையிலிருந்து முப்பது முகமும் தெரியும், இங்கே இருபது கதவுதான் தெரிகிறது. நடந்து நடந்து கால் வீங்கியது. பேச ஆளில்லை. மத்தியானச் சோற்றை மருந்து அறையில் நின்றபடியே விழுங்கினேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தும், போதும் என்று விலகல் கடிதம் எழுதிப் பையில் வைத்துவிட்டேன்.

அந்த வாரம் நிர்வாகத்தில், புதுக் கட்டடம் பிடித்திருக்கிறதா, ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போடுங்கள் என்று எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். துப்புரவு வேலை பார்க்கும் பாண்டிச்செல்விக்கு எழுதத் தெரியாது, என்னிடம் கொண்டுவந்தாள். "எம்புட்டுப் பெரிய கட்டடம் சிஸ்டர், நாங்க உக்காந்து திங்க ஒரு எடமில்ல. மாடிப்படிக்கு அடியில பினாயில் கேனு பக்கத்துல ஒக்காந்து திங்கிறோம். இதுக்கு எந்த நம்பரு?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் கஷ்டம் மட்டுமே கஷ்டம் என்று இருந்திருக்கிறேன். அவள் சொன்னதை அப்படியே தாளின் பின்பக்கம் எழுதினேன், அதன் கீழே என்னுடையதையும் எழுதி, இருவருமாகப் பெரிய டாக்டர் முத்துக்குமரனிடம் போனோம். அவர் படித்துவிட்டு எழுந்து வந்து படிக்கட்டின் கீழே குனிந்து பார்த்தார். பிறகு, மூணாவது மாடி மீட்டிங் ஹால் சும்மா பூட்டித்தானே கிடக்கு, நாளைக்கே திறந்து விடுங்க என்றார். வராந்தாக் கோடியில் கிடந்த நர்ஸ் மேசையையும் அறைகளுக்கு நடுவில் போடச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அந்த ஹால் வாசலிலேயே நின்ற பாண்டிச்செல்வியைக் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பில் நாங்கள் ஆறு பேர் கை வைத்தோம். கால் வலி இன்னும் இருக்கிறது, வேலையும் குறையவில்லை. ஆனாலும் விலகல் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாட்களிலெல்லாம் நீ போனில் கேட்டபோது, எல்லாம் நல்லாயிருக்கு என்று சொன்னது பொய். நீயும் புது வேலையில் சேர்ந்ததிலிருந்து அதே வார்த்தையை அதே குரலில் சொல்கிறாய் கண்ணு. ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது உள்ளதைச் சொல், அம்மா அழமாட்டேன். அங்கே யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பதையும் சொல். வைட்டமின் மாத்திரையை மறக்காதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக.

முத்தங்களுடன்,
உன் அம்மா
பிலோமினாள் ஞானமுத்து