ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் ரோஸி ஆன்ட்டி என் அம்மா

ஜனவரி 11, ஞாயிறு

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். நீங்கள் யாராக இருந்தாலும் சரி. பிளம்பர் அண்ணாவாக இருந்து, பாத்ரூம் ஷெல்ஃபில் சோப்புத்தூள் டப்பாவைத் திறந்தபோது இது கையில் கிடைத்திருந்தால், அண்ணா, அப்படியே மூடி வைத்துவிடுங்கள். அம்மாவாக இருந்தால், அம்மா, இந்தப் பக்கத்தோடு நிறுத்திவிடு. அப்பாவாக இருந்தால் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஏற்கெனவே செத்திருப்பேன்.

கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு என்பது ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு பாத்ரூம். நான் தனியாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய கதவு இது ஒன்றுதான்.

விஷயம் இதுதான். நான் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்தவர்களை அப்ரென்டிஸாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து நாள் வேலை, சனிக்கிழமை வகுப்பு. மூன்று வருஷம் கழித்து டிஜிட்டல் டெக்னாலஜியில் பி.எஸ்சி. பட்டம். படிப்புச் செலவு அவர்களுடையது. லேப்டாப் அவர்களே கொடுப்பார்கள். எங்கள் பி.யூ. காலேஜுக்கு வந்து சொன்னபோது எல்லோரும் இலவசப் பேனாவை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் பேனாவோடு ஃபாரத்தையும் வாங்கினேன்.

ஒரு ஆப் எங்கே உடையும் என்று நோண்டிப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். அதற்கு டெஸ்டிங் என்று பெயர் உண்டு, அதைச் செய்தால் சம்பளம் தருவார்கள் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் அப்பா. கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியபோது அப்பாவுக்குப் பதினேழு வயது. ‘வேலைக்குப் போ, சாயங்கால காலேஜில் சேர்த்துவிடுகிறோம்’ என்று பெங்களூருக்கு அனுப்பினார்கள். வேலை நடந்தது, காலேஜ் நடக்கவில்லை. இப்போது டெக் பார்க் கம்பெனிகளுக்கு கேப் ஓட்டுகிறார். அதனால் எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: படிக்கிற பொண்ணு வேலைக்குப் போகக் கூடாது. ஒரு பெண்கள் காலேஜைத் தாண்டும்போதெல்லாம் ஸ்கூட்டரை மெதுவாக்கி, “இந்த கேட்டுல உன்ன எறக்கி வுட்டுட்டுதான் டூட்டிக்குப் போவேன்” என்பார்.

எனக்கு அந்த கேட் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

தட்டுகிறார். அப்பாவுக்கு மூடு நன்றாக இருந்தால் எந்தக் கதவைத் தட்டினாலும் கேப்பில் ஏறுகிறவர்களிடம் கேட்கிற மாதிரிதான் கேட்பார்.

“ஓடிபி சொல்லுங்க மேடம்.”

“நாலு ஒண்ணு ஏழு ரெண்டு.”

“ராங் ஓடிபி. ட்ரிப் கேன்சல். வெளிய வாம்மா, அவசரம்.”

ஜனவரி 13, செவ்வாய்

ஹால் டிக்கெட் மெயிலில் வந்துவிட்டது. பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் வயிற்றில் ஒரே இடம்தான் போலிருக்கிறது.

ஜனவரி 24, சனி

பொம்மனஹள்ளியில் ஒரு சென்டரில் டெஸ்ட் எழுதினேன். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன். கூட வந்தது பக்கத்து வீட்டு ரோஸி ஆன்ட்டி. பிரேசர் டவுனில் பியூட்டி பார்லரில் வேலை செய்கிறார். இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அம்மாவிடம் சொன்னது சோறு வேகிறதுக்குள் அப்பாவுக்குப் போய்விடும். அம்மாவுக்கு அப்பாவிடம் எதையும் மறைக்க வராது. பிறந்தநாள் கேக்கைக்கூட.

வாசலில் ரோஸி ஆன்ட்டி என் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். பிறகு, நாங்கள் பௌத்தர்கள் என்பது ஞாபகம் வந்து, “உங்க புத்தரையும் கும்புட்டுக்கடி, எதுக்கு ரிஸ்க்கு” என்றார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

போனில் இன்டர்வியூ. ரோஸி ஆன்ட்டி வீட்டு மொட்டை மாடியில், காய்கிற நைட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு பேசினேன். இங்கிலீஷில் ஆரம்பித்தேன், பயத்தில் எல்லா வாக்கியமும் ‘ஆக்சுவலி’யிலேயே நின்றுவிட்டது. அந்த மேடம் பெயர் ஜெனிஃபர். “தமிழ்லயே சொல்லு, பரவால்ல. ஒரு மெஷின் தப்பு பண்றத நீயா கண்டுபிடிச்சிருக்கியா?” என்று கேட்டார்.

அம்மாவின் கதையைச் சொன்னேன். அம்மா தையல் யூனிட்டில் வேலை செய்கிறார். அங்கே விரல் வைத்தால்தான் அட்டெண்டன்ஸ். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் காய்த்துப்போய், மெஷின் அம்மாவை அம்மா என்றே நம்பவில்லை. தினமும் லேட் என்று விழுந்தது. வீட்டில் என் போனில் அம்மாவின் பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன். இடது சுண்டுவிரலுக்குத்தான் ஒவ்வொரு முறையும் போன் திறந்தது. யூனிட் மெஷினில் அதைப் பதியச் சொன்னேன். இப்போது அந்த லைனில் பாதிப் பேர் சுண்டுவிரல்தான் வைக்கிறார்கள்.

மேடம் சிரித்தார். நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா? தெரியவில்லை.

பிப்ரவரி 7, சனி

நல்ல சிரிப்புதான். கிடைத்துவிட்டது.

ஆனால் பெற்றோரில் ஒருவர் அடுத்த சனிக்கிழமை நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். முடிஞ்சது. எல்லாம் முடிஞ்சது. யாரக் கூட்டிட்டுப் போவேன் நான்?

பிப்ரவரி 8, ஞாயிறு

ரோஸி ஆன்ட்டியிடம் அழத்தான் போனேன். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “ஏன், என்னப் பார்த்தா அம்மா மாதிரி தெரியாதா?” என்றார்.

பிப்ரவரி 14, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். சிரிப்பில் பாதி, பயத்தில் பாதி.

ரோஸி ஆன்ட்டி ‘சர்ச்சில் ஃபங்ஷன்’ என்று சொல்லி அம்மாவிடமே அவருடைய பச்சைப் பட்டுப்புடவையை இரவல் வாங்கியிருந்தார். கழுத்துச் சிலுவையைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். நெற்றியில் எட்டணா அளவு பொட்டு, தலையில் இரண்டு முழம் மல்லிகை, கை நிறைய வளையல். “ஆன்ட்டி, எங்கம்மா பொட்டே வெக்காது” என்றேன். “அவங்களுக்குத் தெரியுமா அது?” என்றார்.

ஜெனிஃபர் மேடம் எங்களை உட்கார வைத்து, பொண்ணு வேலையும் படிப்பும் சேர்த்துச் சமாளிப்பாளா என்று கேட்டார். ரோஸி ஆன்ட்டி கண் கலங்கினார். நிஜமாகவே. “பத்து மாசம் சுமந்தவளுக்குத் தெரியாதா மேடம்?” என்றார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அம்மா பெயரில் ‘ஜானகி’ என்று கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கும்போது சும்மா வந்திருக்கக் கூடாதா? “மேடம், கேக்கிறேன்னு தப்பா நெனைக்காதீங்க, உங்களுக்கு ஐப்ரோ யார் பண்றாங்க? ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருக்கு.”

எல்லாக் குடும்பங்களையும் நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள். ஆன்ட்டி முதல் வரிசை, நடுவில்.

பிப்ரவரி 16, திங்கள்

ஒன்றும் ஆகவில்லை. தப்பித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 18, புதன்

தப்பிக்கவில்லை.

கம்பெனி அந்த போட்டோவைத் தன் வெப்சைட்டில் போட்டிருக்கிறது. டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவின் ஃபிரெண்டு குணசேகர் அங்கிள், “முனிராஜ், இது உன் பொண்ணு இல்ல? பக்கத்துல யாரு இது, அம்மன் வேஷத்துல?” என்று கேட்டிருக்கிறார்.

அப்பா வந்தார். சாப்பிடவில்லை. போனை அம்மா முன்னால் வைத்தார். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அது என் பச்சப் பொடவ” என்றார் அம்மா.

அதற்குப் பிறகுதான் படத்தில் நான் இருப்பதையே பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டினார், அழுதார், மறுபடி புடவைக்குப் போனார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா, ஒரு அறை வுட்டுடுப்பா, இப்பிடி இருக்காத.

பிப்ரவரி 20, வெள்ளி

பாத்ரூம் கதவைத் தட்டினார். ஓடிபி கேட்கவில்லை. “சீக்கிரம்” என்றார், அவ்வளவுதான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பேசினார். ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

“என் வண்டியில நோயல்னு ஒரு பையன் வர்றான். இதே ஸ்கீமு, இதே கம்பெனி. மடியில புக்க வெச்சிக்கினே தூங்குவான். போன வருஷம் பரீட்ச அன்னிக்கி ஷிஃப்ட்டப் போட்டுட்டாங்க. லீவு கேக்கலாம்னே அவனுக்குத் தெரியல. ரெண்டு பேப்பர் போச்சி. அப்புறம் வெறுத்துப்போய் படிப்ப வுட்டுட்டான். இப்ப வேல இருக்குது, டிகிரி இல்ல. யாரு மாதிரி சொல்லு?”

அப்பா மாதிரி. சொல்லவில்லை.

எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. “அந்த கேட்டு உனக்குதாம்பா வேணும், எனக்கு இல்ல” என்று சொல்லிவிட்டேன்.

துணி நின்றது. ஐயோ என்று இருந்தது எனக்கு. துணியைப் பிழிந்துவிட்டுக் கேட்டார்: “ஒரு ஆப்பு எங்க உடையும்னு பார்க்கிறதுதான் உனக்குப் புடிக்கும்னு சொன்ன இல்ல? இது எங்க உடையும்னு பார்த்தியா? பரீட்ச அன்னிக்கி ஷிஃப்ட்டு வந்தா இன்னா பண்ணுவ? கேட்டியா அவங்கள?”

கேட்கவில்லை. ஒன்றையுமே கேட்கவில்லை. கிடைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

மூன்று வருஷமும் அந்தப் பொய்க் கையெழுத்தின் மேல் உட்கார்ந்திருக்க முடியாது. உடைகிற இடம் அதுதானே? நானே ஜெனிஃபர் மேடத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். வந்தது என் அம்மா இல்லை, பார்லரில் வேலை செய்கிற பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அவர்மேல் தப்பில்லை, நான்தான் கூட்டி வந்தேன்.

மேடம் என் அப்ளிகேஷன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, “ஆஃபர ஹோல்ட்ல போடறேன். வியாழக்கிழமை நிஜமான பேரன்ட் வரணும். இல்லன்னா கேன்சல். புரியுதா?” என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். “வியாழக்கிழம டூட்டி இருக்குது” என்றார். அம்மாவுக்கு யூனிட்டில் ஷிப்மென்ட் வாரம், லீவு இல்லை.

பிப்ரவரி 25, புதன்

நாளைக்குத் தனியாகப் போய் மன்னிப்பாவது கேட்டுவிட்டு வருகிறேன்.

பிப்ரவரி 26, வியாழன்

எழுதுகிறேன், மெதுவாக, எதையும் விடாமல்.

டெக் பார்க்குக்கு பஸ்ஸில் போனேன். கம்பெனி லாபியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளை யூனிஃபார்மில். ஆறு வருஷமாக இந்த வாசலில் ஆட்களை இறக்கிவிடுகிறார், உள்ளே வந்தது இன்றைக்குத்தான். செக்யூரிட்டி, “டிரைவர்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் வெயிட் பண்ணுங்க” என்று கையைக் காட்டினார். அப்பா கன்னடத்தில், ரொம்ப மரியாதையாக, இன்றைக்கு நான் டிரைவர் இல்லை, பேரன்ட் என்றார்.

ஜெனிஃபர் மேடம் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். “இவர் உண்மையான அப்பாவா?” என்றார். அப்பா ஆதாரை எடுத்து வைத்தார். கையெழுத்துப் போடவில்லை.

“நான் கொஞ்சம் கேக்கணும் மேடம். பரீட்ச அன்னிக்கி லீவு உண்டா?”

உண்டாம். ஒரு மாதம் முன்னால் கம்பெனி போர்ட்டலில் பரீட்சைத் தேதியைப் பதிந்துவிட்டால் அன்றைக்கு ஷிஃப்ட் போட முடியாதாம்.

“அது புள்ளைங்களுக்குத் தெரியுமா?”

“ஹேண்ட்புக்ல இருக்கு சார்.”

“என் வண்டியில வர்ற பையனுக்குத் தெரியாது மேடம். வாயால சொல்றத மெயில்ல போட்டுக் குடுங்க. இவளுக்கும், எனக்கும்.”

மேடம் அப்பாவின் மெயில் ஐடி கேட்டார். அப்பாவுக்கு மெயில் ஐடியே கிடையாது. அங்கேயே, அவர் போனில் நான் ஒன்று உருவாக்கினேன். ஓடிபி வந்தது. அப்பா என் பக்கம் திரும்பி ஒவ்வொரு எண்ணாக மெதுவாகச் சொன்னார். அடித்தேன், இந்த முறை ராங் ஓடிபி இல்லை.

மெயில் வந்து சேர்ந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது ஜெனிஃபர் மேடம் என்னை நிறுத்தினார். “உங்க ஆன்ட்டி எந்தப் பார்லர்?” கோபமாகக் கேட்கிறாரோ என்று பயந்தேன். கண்ணாடியில் பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஒன்று மேலே, ஒன்று கீழேதான்.

மார்ச் 5, வியாழன்

பரீட்சை. அக்கவுன்டன்சி பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை. உலகம் இடியவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

பாஸ். வேலையில் சேர கம்பெனி கேட்ட சதவீதத்தைத் தாண்டிவிட்டேன். அம்மா பச்சைப் புடவையை டிரை கிளீனிங்கிலிருந்து வாங்கி வந்து, ரோஸி ஆன்ட்டிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு அவருக்கும் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினார்.

நோயலுக்கு அந்த மெயிலை அப்பாவே ஃபார்வர்டு செய்தாராம். ஃபார்வர்டு செய்ய எங்கே அமுக்க வேண்டும் என்று நோயலிடமே கேட்டு. விட்ட பேப்பர்களை எழுதப் பணம் கட்டியிருக்கிறானாம்.

ஜூன் 1, திங்கள்

இன்னும் விடியவில்லை. தூக்கம் வரவில்லை, பக்கெட் மேல் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு முதல் நாள். அங்கே எல்லோரும் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசினால்? லேப்டாப்பைக் கீழே போட்டுவிட்டால்? சனிக்கிழமை வகுப்பில் நானும் தூங்கிவிழுந்தால்?

கம்பெனி கேப் எனக்கு ஆறு மாதம் கழித்துத்தானாம். அப்பாவின் கேப்பில் வெளி ஆளை ஏற்றக் கூடாது என்று ரூல்ஸ். அதனால் ஸ்கூட்டரில்தான். அந்தப் பெண்கள் காலேஜ் வழியாகப் போக வேண்டாம், சுற்று என்று நேற்று அம்மா சொன்னார். “சுத்து இல்ல, அதான் வழி” என்றார் அப்பா. அங்கே மெதுவாக்குவாரா, மாட்டாரா? எனக்கு அதுவும் கொஞ்சம் பயமாகத்தான்...

தட்டுகிறார்.

“மேடம், பிக்கப்புக்கு வந்திருக்கேன். ஓடிபி சொல்லுங்க.”